சிவப்பு மையில் ஓர் அலர்ஜி

எலும்பு வார்டில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஏன் மேடம்'. வெள்ளைக் கோட்டில் 'மருந்தாளுநர்' என்று அட்டை குத்தியிருந்தாள். அதைப் படித்தவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. காலை எட்டரைக்கு அவள் வார்டு வாசலில் தலையைக் காட்டினால் போதும், உள்ளே இருக்கும் நர்ஸ்கள் "ஏன் வந்தாச்சு" என்று ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள்.

பெயர் வந்த கதை இது. ஏழு மாதம் முன்புவரை அவள் கீழ்த்தளத்து மருந்துக் கவுண்டரில் உட்கார்ந்து, வந்த சீட்டுக்கு மருந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிருமிக்கொல்லி மருந்துகளை வாரி இறைக்கிறோம், வார்டுக்கு ஒருவர் போய்க் கேள்வி கேட்கட்டும் என்று நிர்வாகம் முடிவு செய்து அவளை மேலே அனுப்பியது. எந்தக் கிருமிக்கு, எந்த மருந்து, எத்தனை நாள். இந்த மூன்றையும் ஒவ்வொரு நோயாளிக்கும் கேட்டு, கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் முதல் வாரமே கேட்ட கேள்வி, அறுவை முடிந்தவர்களுக்கு எல்லாம் காலையும் மாலையும் ஐந்து நாள் ஊசி போடுகிறீர்களே, ஏன் ஐந்து?

தலைமை நர்ஸ், "பெரிய டாக்டர் உத்தரவு" என்றார். பெரிய டாக்டர் என்பது எலும்பு அறுவை நிபுணர். அவரோ, "நான் இங்க வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு" என்றார். பிடித்த பிடியை விடாமல் அவள் கிடங்குவரை போனாள். முப்பது வருடமாகப் பெட்டிகளோடு பெட்டியாக இருந்த கிடங்குக்காரர்தான் விஷயத்தை உடைத்தார். "அப்பல்லாம் ஒரு பெட்டியில பத்து குப்பி வரும்மா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. பெட்டி காலியாக அஞ்சு நாள். பாதிப் பெட்டியைத் திருப்பி வாங்கிக்க மாட்டோம்ல!" பத்துக் குப்பிப் பெட்டி வருவது நின்றே பல வருடமாகிவிட்டது. ஐந்து நாள் மட்டும் நிற்கவில்லை.

இதைக் கேட்டுப் பெரிய டாக்டர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சுத்தமான அறுவைகளுக்குக் கத்தி வைப்பதற்கு முன் ஒரு ஊசி, மிஞ்சினால் ஒரு நாள், அதோடு சரி என்று மாற்றினார். சீழ் பிடித்தவர்கள் எண்ணிக்கை ஏறவில்லை. அதிலிருந்து அவளுக்கு வார்டில் மரியாதையும் வந்தது, பட்டப்பெயரும் வந்தது. கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது என்பதை மறைப்பானேன்.

அந்தத் தலைக்கனத்தில் ஒரு குட்டு விழுந்தது பதினான்காம் கட்டிலில்.

அங்கே இருந்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துபவர். எல்லோருக்கும் 'மாஸ்டர்'. இருபது வருடமாகக் கற்றுக்குட்டிகளின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரு கீறல்கூடப் படாதவர், வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்து வலது காலை உடைத்துக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகி, தகடு வைத்துத் திருகினார்கள். மூன்றாவது வாரம் தையலோரத்தில் சீழ் வந்தது. திறந்து கழுவினார்கள். சீழைப் பரிசோதித்ததில் ஊரில் எல்லோர் தோலிலும் மூக்கிலும் குடியிருக்கிற சாதாரணக் கிருமிதான். பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்த பழைய மருந்து ஒன்றுக்குச் சுருண்டு விழுகிற கிருமி.

ஆனால் அதைப் போட முடியாது. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது: 'பென்சிலின் கடும் அலர்ஜி. நடுக்கம், வியர்வை, மயக்கம்.' அப்படி இருந்தால் பென்சிலினை மட்டுமல்ல, அதன் பங்காளி மருந்துகளையும் யாரும் தொடத் துணிய மாட்டார்கள். ஆகவே வான்கோமைசின் என்கிற பெரிய மருந்து சொட்டுச் சொட்டாகப் பதினோரு நாளாக இறங்கிக்கொண்டிருந்தது. காயம் அரைகுறையாகத்தான் காய்ந்தது. சிறுநீரகம் முழுசாகவே முனகத் தொடங்கியது. சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் ஒன்றுக்குக் கீழே இருந்தது, முதலில் ஒன்றரை ஆனது, அன்று காலை இரண்டைத் தாண்டிவிட்டது.

பெரிய டாக்டர் மாஸ்டரின் மனைவியிடம் மறைக்காமல் சொல்லியிருந்தார். இந்த மருந்தை இனி நிறுத்தியே ஆக வேண்டும். மாற்று மருந்து ஒன்று இருக்கிறது, ஆறு வாரம் அதைத் தாங்குவது கஷ்டம். அதற்குள் கிருமி அடங்காவிட்டால் தகட்டை எடுக்க வேண்டும். எலும்பு கூடாமல் தகட்டை எடுத்தால் காலுக்கே நிச்சயம் சொல்ல முடியாது. அந்த அம்மாள் தாழ்வாரத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அவர் பிழைப்பே அந்த வலது கால்லதான் டாக்டர். அவர் பக்கம் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதிக்கத்தான் அவர் உட்கார்ந்திருக்கார்" என்றார்.

அன்று காலை 'ஏன் மேடம்' பதினான்காம் கட்டிலைக் கடந்தபோது மாஸ்டர் போனில் யாரிடமோ பொரிந்துகொண்டிருந்தார். கால் போகுமா இருக்குமா என்ற நிலையிலும் வாய்க்கு ஓய்வில்லை.

"அவனை இங்க அனுப்பிடாதே, சொல்லிட்டேன்! மச்சானா இருந்தா என்ன? அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்கு அலர்ஜி!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே நான்கு கட்டில் தாண்டினாள். பதினெட்டாம் கட்டிலருகே கால் நின்றுவிட்டது.

அலர்ஜி. அவளே அப்படித்தானே பேசுகிறாள்? மீட்டிங் என்றால் அலர்ஜி, மாமியாரின் மாத்திரைப் பெட்டியைக் கண்டால் அலர்ஜி. ஊரே அப்படித்தான் பேசுகிறது. அவசரப் பிரிவில் வலியில் துடிக்கிற ஒருவரிடம் ஒரு டாக்டர், 'எந்த மருந்தாவது அலர்ஜியா?' என்று கேட்டிருப்பார். கேட்டவர் ஒரு அர்த்தத்தில் கேட்க, சொன்னவர் இன்னொரு அர்த்தத்தில் சொல்லியிருந்தால்?

திரும்பி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். மச்சானைப் பார்த்தா அலர்ஜின்னீங்களே, அது என்ன பண்ணும்?"

"காதுல விழுந்துடுச்சா? என்ன பண்ணும், எரிச்சல் வரும். அவன் வாயைத் திறந்தா எழுந்து ஓடிடலாம்போல இருக்கும்."

"சரி, பென்சிலின் அலர்ஜின்னா?"

மாஸ்டரின் முகத்தில் இருந்த கலகலப்பு எங்கோ போய்விட்டது. "அதான் எழுதியிருக்கே மேடம்."

"எழுதினதைப் படிச்சுட்டேன். நீங்க சொல்லுங்க."

"நடுக்கம் வரும். வேர்த்துக் கொட்டும். ரெண்டு தடவை மயங்கியே விழுந்திருக்கேன்."

"உடம்புல தடிப்பு, அரிப்பு? முகம் வீங்குறது, மூச்சுத் திணறல்?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல."

"ஊசி போட்டு எவ்வளவு நேரத்துல நடுங்கும்?"

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிறாரா என்று பார்த்தார். மனைவி ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வெளியே போயிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போட்டப்புறம் இல்ல மேடம்" என்றார்.

"அப்போ?"

"முன்னாடி."

"எதுக்கு முன்னாடி?"

"ஊசிக்குத்தான். அப்பல்லாம் கம்பவுண்டர் ஊசியைப் பாத்திரத்துல போட்டுக் கொதிக்க வைப்பார். அது கடகடன்னு ஆடும் பாருங்க... அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குக் கை கால் உதறும்."

மருந்து உடம்புக்குள் போவதற்கு முன்னாலேயே வருகிற அலர்ஜியை அவள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அது தொண்டைக்கு வருவதற்குள் கோபமாக மாறிவிட்டது. யார் மேல் கோபம்? அவசரப் பிரிவு டாக்டர் மேல் இல்லை. மாஸ்டர் மேலும் இல்லை. ஐந்து நாள் ஏன் என்று கிடங்குவரை துரத்திக்கொண்டு போனவள், இந்தச் சிவப்பு மைக்குக் கீழே பதினோரு நாள், பதினோரு கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை. சிவப்பில் எழுதியிருந்தது, அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டாள்.

"எத்தனை ஊசி போட்டுருப்பாங்க?" என்றாள்.

"அது... எனக்கு ஞாபகம் இல்ல. அக்காவுக்குத்தான் தெரியும். ஆனா அக்காவைக் கூப்பிடாதீங்க, புண்ணியமாப் போகும்."

கூப்பிட்டாள் என்று சொல்லவும் வேண்டுமா?

அக்கா மாலைப் பார்வை நேரத்துக்கே வந்துவிட்டார். ஒற்றை நாடி உடம்பு, கணீரென்ற குரல். தம்பியின் தலையைக் கோதிக்கொண்டே அவன் மானத்தைக் கப்பலேற்றினார்.

"ஒன்பது வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துச்சும்மா. விட்டா இதயத்தைப் பிடிச்சுக்கும், மூணு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போடணும்னுட்டாங்க. பதினெட்டு வயசு முடியற வரைக்கும். கெட்டியா, வெள்ளையா இருக்கும். இடுப்புல போட்டா ரெண்டு நாளைக்கு உட்கார முடியாது, பாவம்."

"எல்லாத்தையும் போட்டுக்கிட்டாரா?"

"ஒண்ணு விட விடுவேனா? கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சாலும் தரதரன்னு இழுத்துட்டுப் போவேன். ஒரு தடவை கம்பவுண்டர் கையைக் கடிச்சு வச்சுட்டான்!"

"அக்கா!" என்றார் மாஸ்டர்.

"போட்டதுக்கு அப்புறம் தடிப்பு, வீக்கம் ஏதாவது?"

"போட்டதுக்கு அப்புறம் என்ன, முட்டாய் கேப்பான்."

அவள் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். வருடத்துக்குப் பதினேழு, ஒன்பது வருடம். நூற்றைம்பது ஊசிக்கு மேல். பென்சிலினோடு இவ்வளவு ஒத்துப்போன உடம்பை அவள் பார்த்ததே இல்லை. கட்டிலின் அந்தப் பக்கம் மாஸ்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்துறேன். எங்கிட்ட அலர்ஜின்னுதானே சொன்னீங்க? நானும் அன்னிக்கு அவசரப் பிரிவுல அந்த டாக்டர்கிட்ட அடிச்சுச் சொன்னேனே, இவருக்கு அந்த ஊசி ஆகவே ஆகாதுன்னு!"

மாஸ்டர் அசடு வழியப் போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டர் கதையைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். ஆனால் அவர் ஒன்றும் லேசில் வழிக்கு வருகிறவர் இல்லை. "இருபத்தெட்டு வருஷம் முன்னாடி ஒத்துக்கிட்டது இன்னிக்கும் ஒத்துக்கும்னு என்ன நிச்சயம்? மயங்கி விழுந்தவர்னு எழுத்துல இருக்கு. அக்கா சொன்னாங்கன்னு ஊசி போட்டேன்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"தீவிர சிகிச்சை வார்டுல வச்சு, மயக்க மருந்து டாக்டரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, கொஞ்சமா கொடுத்துப் பார்க்கலாம் டாக்டர்."

"பார்க்கலாம். இவர் பயத்துலயே வேர்த்து நடுங்குவார். அது மருந்தா பயமான்னு எதை வச்சுப் பிரிப்பீங்க, ஏன் மேடம்?"

இது நியாயமான கேள்வி. அன்று முழுக்க அது அவள் மண்டையைக் குடைந்தது. மறுநாள் காலை பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது விடை வந்தது. பயத்தையும் மருந்தையும் ஒன்றாகக் கொடுத்தால்தானே பிரிக்க முடியாது? பயத்தை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தால்?

மாஸ்டரிடம் நேராகவே சொன்னாள். "மூணு ஊசி. இருக்கிற டியூப் வழியாவே போகும், புதுசாக் குத்த மாட்டோம். ஒண்ணோ ரெண்டோ வெறும் உப்புத் தண்ணி. மத்தது மருந்து. எது எதுன்னும் சொல்ல மாட்டேன், எப்போன்னும் சொல்ல மாட்டேன். சம்மதமா?"

மாஸ்டருக்கு அப்போதே நெற்றி வேர்த்தது. "மூணுமே உப்புத் தண்ணின்னு ஒரு பொய் சொல்லிடுங்களேன் மேடம். நான் கண்டுபிடிக்கவா போறேன்?"

"பொய் சொல்ல மாட்டேன். மருந்து இருக்கும். வேண்டாம்னா வேண்டாம், உங்க இஷ்டம்."

அவர் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே கட்டைவிரல் நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு தடவை மெல்ல அசைத்தார். பிறகு, "அக்காவைப் பக்கத்துல இருக்கச் சொல்லுங்க" என்றார்.

எந்த ஊசியில் என்ன என்பது அவளுக்கும் மயக்க மருந்து டாக்டருக்கும் மட்டுமே தெரியும். தீவிர சிகிச்சை வார்டில் பத்து மணிக்கு முதல் ஊசி போனது. போன மாத்திரத்தில் மாஸ்டரின் உதடு வெளுத்தது. வியர்வை தலையணையை நனைத்தது. கட்டிலே கிடுகிடுவென்று ஆடியது. நாடித்துடிப்பு நூற்று முப்பது. கால்மாட்டில் நின்ற பெரிய டாக்டர், "நிறுத்துங்க, போதும்!" என்று பாய்ந்தே வந்துவிட்டார். மயக்க மருந்து டாக்டர் மார்பில் குழலை வைத்துக் கேட்டார், கண் இமையைப் புரட்டினார், வயிற்றுத் தோலைத் தடவிப் பார்த்தார். ரத்த அழுத்தம் குறையவில்லை. தோலில் ஒரு புள்ளி இல்லை. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் பெரிய டாக்டரின் காதோரம் போய், "உப்புத் தண்ணி" என்றாள்.

பெரிய டாக்டர் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

நாற்பது நிமிடம் கழித்து இரண்டாவது போனது. இதில் பத்தில் ஒரு பங்கு மருந்து இருந்தது. மாஸ்டர் மறுபடி வேர்த்தார், ஆனால் பாதிதான். தோல் சுத்தம், மூச்சு சுத்தம். இப்போது வேர்த்தது அவளுக்குத்தான். நூற்றைம்பது ஊசி என்ற கணக்கு, அக்காவின் ஞாபகம், தன் சந்தேகம் எல்லாம் சேர்ந்து இந்த மனிதனைக் கொன்றுவிட்டால்? திரையில் ஓடுகிற கோட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காத ஒரு மணி நேரம் இவ்வளவு நீளம் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

பிறகு அவள் ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "மாஸ்டர், ஏத்தத்துல வண்டியை நிறுத்தினா எனக்குப் பின்னாடியே ஓடுது. ஏன்?" என்றாள்.

"உங்களுக்கு யார் கத்துக்கொடுத்தாங்க?"

"என் வீட்டுக்காரர்."

"அதான்! வீட்டுக்காரர்கிட்ட கத்துக்கவே கூடாது. இங்க பாருங்க." மாஸ்டர் இரண்டு கைகளையும் கால்களாக்கிக் காற்றில் வைத்தார். "கை பிரேக்கைப் போட்டுருக்கீங்க. கிளட்சை மெதுவா, மெ...துவா விடணும். வண்டி மூக்கைத் தூக்கும். உடம்புல ஒரு சின்ன அதிர்வு தெரியும். அப்போ பயந்துடக் கூடாது. பயந்து கிளட்சை அமுக்கினீங்களோ, போச்சு. அந்த அதிர்வுலயே ஆக்சிலேட்டரை லேசா..."

அவர் தலைக்குப் பின்னால் நர்ஸ் மூன்றாவது ஊசியை டியூபில் ஏற்றிக்கொண்டிருந்தார். முழு மருந்து. அக்கா பார்த்தார், தம்பியின் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையை இறுக்கவில்லை. மாஸ்டர் ஏற்றத்தில் வண்டியை எடுத்து, வளைவில் திருப்பி, நெரிசலில் நிறுத்தி, இறக்கத்தில் எந்தக் கியர் என்று அவளுக்கு வகுப்பெடுத்துக்கொண்டே போனார். நடுவில் மச்சானைத் திட்டினார். தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"மூணாவது எப்போ மேடம்? இப்படிக் காக்க வைக்காதீங்க, இதயம் நின்னுடும்" என்றார் கடைசியில்.

"போட்டு ஒரு மணி நேரம் ஆச்சு மாஸ்டர். அதுதான் முழு மருந்து."

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். டியூபைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு முகத்தை அக்காவின் தோளில் புதைத்துக்கொண்டு அழுதார். அக்கா, "சீ, என்னடா இது, முட்டாய் வாங்கித் தரேன்" என்றார்.

சிவப்பு எழுத்தை அடித்துவிட்டுக் காரணம் எழுத வேண்டும். பெரிய டாக்டர் தன் பேனாவையே எடுத்து நீட்டினார். "நீங்களே எழுதுங்க, ஏன் மேடம்." அவள் ஒரு நேர்கோடு போட்டு அடித்தாள். 'அலர்ஜி இல்லை' என்று எழுதினாள். அடுத்த சொல்லுக்குப் போகும்போது மாஸ்டர் அவள் கையைத் தடுத்தார்.

"பயம்னு எழுதப் போறீங்களா? அது வேண்டாமே. நாலு பேர் படிப்பாங்க."

"எழுதலைன்னா அடுத்த ஆஸ்பத்திரியில உங்க வீட்டம்மா மறுபடி அலர்ஜிம்பாங்க. மறுபடி சிவப்பு மை."

மாஸ்டர் அவள் கையை விட்டுவிட்டார்.

"முப்பது வருஷமா அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வெக்கப்பட்டு அலர்ஜி அலர்ஜின்னே ஓட்டிட்டேன் மேடம். காலே போயிருக்கும். எழுதுங்க. பெருசாவே எழுதுங்க."

பழைய மருந்து நாளுக்கு நான்கு வேளை போனது. ஐந்தாம் நாள் கிரியாட்டினின் இறங்கத் தொடங்கியது. மூன்றாம் வாரம் காயத்தில் ஈரம் இல்லை. தகடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆறு வாரம் முடிந்து வீட்டுக்குப் போகிற அன்று பெரிய டாக்டர் உள்ளங்கையை அவர் வலது பாதத்துக்கு நேரே வைத்து, "பிரேக் பிடிங்க" என்றார். மாஸ்டர் மிதித்தார். பெரிய டாக்டர் கையை உதறிக்கொண்டார்.

கிளம்புமுன் மாஸ்டர் அவளிடம் ஒரு சின்ன அட்டை கேட்டார், ஓட்டுநர் உரிமத்தோடு பையில் வைத்துக்கொள்ள. என்ன எழுதட்டும் என்று அவள் கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள்.

'இவருக்குப் பென்சிலின் போடலாம். பயப்படுவார். போடும்போது ஏற்றத்தில் வண்டி எடுப்பது எப்படி என்று கேட்கவும்.'